பாடு வந்தவன் ஆடுவான்

எங்கள் குப்பத்துக் கால்பந்து அணி ஏன் இன்னும் கீழ் டிவிஷனிலேயே கிடக்கிறது என்று யாராவது கேட்டால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆடத் தெரியாமல் கிடந்தால் தலையெழுத்து என்று விட்டுவிடலாம். நாங்கள் நன்றாக ஆடுவோம். ஒவ்வொரு வருஷமும் மேலே போகிற இடத்துக்குப் பக்கத்திலேயே நிற்போம். கடைசி ஆட்டத்தில் வழுக்கி விழுவோம். இப்படியே நாலு வருஷம் போய்விட்டது. அடுத்த வருஷமும் இப்படியென்றால் உன் பிரஷருக்கு நான் பொறுப்பில்லை என்று என் மனைவி இப்போதே சொல்லிவிட்டாள்.

நான் பின்னால் நின்று தடுக்கிறவன். மீஞ்சூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. ஏரியில் எங்கள் வீட்டுக்குப் பாடு வருகிற நாளில் லீவு போட்டுவிட்டு வலையோடு இறங்கிவிடுவேன். என் மனைவியின் தம்பி, என் மச்சான், முன்னால் நின்று கோல் போடுகிறவன். மடவை மீன் வலையைத் தாண்டிக் குதிக்கிற மாதிரி ஆட்களைத் தாண்டிப் போவான். ஊருக்கே அவன்மேல் பெருமை. எனக்கும்தான், ஆனால் அதை அவனிடம் சொல்லிவிட்டு அப்புறம் வீட்டில் யார் குடித்தனம் நடத்துவது?

பாடு என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஏரி பெரியதுதான், ஆனால் இறால் ஓடுகிற இடம் கொஞ்சம்தான். முகத்துவாரத்துப் பக்கம் கடல்தண்ணீர் ஏறி இறங்குகிற ஓட்டத்தில் வலை கட்டினால் இறால் தானாக வந்து விழும். கொஞ்சம் தள்ளிக் கட்டினால் பாசியும் சேறும்தான் மிஞ்சும். அந்த நல்ல இடங்களை வலுத்தவன் வளைத்துக்கொள்ளக் கூடாது என்று சீட்டுக் குலுக்கி முறை வைத்திருக்கிறோம். ஒவ்வொரு தலைக்கட்டுக்கும், அதாவது ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஒரு முறை வரும். அந்த முறைக்குப் பெயர் பாடு. பாடு வந்த நாளில் அந்தத் தண்ணீர் அவனுடையது. அவன் கெட்டிக்காரனா, கை நடுங்குகிறவனா, கூடை நிறைய வருமா, வெறும் கையோடு வருவானா என்பதெல்லாம் யாருக்கும் பேச்சில்லை.

இதைக் கால்பந்தில் கொண்டுவந்து வைத்த புண்ணியவான்கள் உலகத்திலேயே நாங்கள் மட்டும்தான் இருப்போம். அதற்கும் காரணம் உண்டு. கிளப் ஆரம்பித்த புதிதில் யார் ஆடுவது, யார் வெளியே உட்காருவது என்று பெரிய சண்டை. ஒரு துடுப்பு உடைந்தது, ஒருவனுக்குப் பல் போனது, இரண்டு தெருக்காரர்கள் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒருவர் போகாமல் இருந்தார்கள். கோவிலுக்கு எதிரே ஊர்க்கூட்டம் போட்டார்கள். பந்தும் சட்டையும் ஊர்ப் பொதுவில் வாங்கினது, பொதுவில் இருப்பது எல்லாம் பாடு முறையில்தான் போகவேண்டும் என்று தீர்ப்பு ஆனது. அன்றிலிருந்து சீசன் தொடங்கும்போது சீட்டுப் போடுவோம். கோலில் நிற்பவர்களுக்குள் ஒரு முறை, பின்னால் நிற்பவர்களுக்குள் ஒரு முறை, முன்னால் ஓடுகிறவர்களுக்குள் ஒரு முறை. ஒழுங்காகப் பயிற்சிக்கு வந்தவன் எல்லோருக்கும் முறை உண்டு. பாடு வந்தவன் ஆடுவான். அடிபட்டு விழுந்தால் ஒழிய முழு ஆட்டமும் அவனுடையதுதான்.

இன்னொரு சட்டமும் ஏரியிலிருந்து அப்படியே வந்தது. பாடு வந்தவன் தானாக மனசு வைத்து இன்னொருவனுக்குக் கொடுக்கலாம். உடம்பு சரியில்லை, ஊரில் விசேஷம், எதுவாக இருந்தாலும் சரி, கொடுப்பது அவன் இஷ்டம். ஆனால் அவனிடம் போய் எனக்குக் கொடு, அவனுக்குக் கொடு என்று யாரும் கேட்கக் கூடாது. ஜாடையாகக்கூடக் கேட்கக் கூடாது.

ஆட்டம் பார்க்க வந்த கால்பந்துச் சங்கத்துக்காரர் ஒருவர் ஒருமுறை, “உங்க டீமுக்கு கோச் யாருப்பா?” என்று கேட்டார். “சீட்டுதான் சார்” என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

மேல் டிவிஷனில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். புல் இருக்கிறது. கீழ் டிவிஷன் ஆட்டமெல்லாம் பொன்னேரியைச் சுற்றிக் கட்டாந்தரையில்தான். விழுந்தால் முட்டித் தோல் தரையோடு போகும். மேலே போனால் மெட்ராஸில் கேலரி கட்டின மைதானத்தில் ஆடலாம், பச்சைப் புல்லில், வெள்ளைக் கோடு போட்ட தரையில். என் மச்சானுக்கு அதுதான் கனவு. அங்கே ஆடுகிற ஒரு அணி அவனை மட்டும் தனியாகக் கூப்பிட்டது. சாப்பாடு, தங்க இடம் எல்லாம் தருகிறோம் என்றார்கள். “நம்மாளுங்களோடதான் போவேன்” என்று சொல்லிவிட்டான். அவனுக்கு வயது ஏறிக்கொண்டே இருந்தது. எங்கள் அணியோடு அவனும் மேலே போகவேண்டும், அதுவும் சீக்கிரம் போகவேண்டும். ஊர் முழுக்க இதே எண்ணம்தான். பெண்கள் மீன் காயப்போடும்போதுகூட யாருக்கு எத்தனை பாயிண்ட் என்று பேசிக்கொள்வார்கள்.

முதல் வருஷம் கடைசி ஆட்டத்தில் சமன் செய்தால் போதும். எங்கள் நல்ல கோல்கீப்பருக்கு அன்று பாடு இல்லை. பாடு வந்தவர், பந்தைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்கிற மனிதர். ஆனால் அன்றைக்கு ஏதோ அருள் வந்தவர் மாதிரி விழுந்து விழுந்து தடுத்தார். நாங்களே வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம். ஆட்டம் முடியப்போகிற நேரத்தில், ஒரு கிழவர் தடுக்கி விழுந்து உருட்டிவிட்ட மாதிரி ஒரு பந்து மெதுவாக வந்தது. அதை அவர் காலுக்கு நடுவில் விட்டுவிட்டார். வண்டியில் திரும்பும்போது அவருக்குத்தான் முதலில் டீ வாங்கிக் கொடுத்தார்கள். நான் கொடுக்கவில்லை.

இரண்டாம் வருஷம் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மேல் சிலிர்க்கிறது. மழை முடிந்த சமயம். பல மாதமாக மணல் மூடிக் கிடந்த முகத்துவாரம் கடைசி ஆட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் உடைத்துக்கொண்டது. ஏரி கடலுக்குப் பாய்கிறது, இறால் கூட்டம் கூட்டமாக ஓடுகிறது. மாதக்கணக்கில் அடுப்பெரியச் சிரமப்பட்ட ஊர். யாரைப் போய் ஆட்டத்துக்கு வா என்று கூப்பிடுவது? ஆட்டத்தைத் தள்ளி வையுங்கள் என்று போன் போட்டுக் கேட்டோம். “இறாலுக்காகவா?” என்று எதிர்முனையில் சிரித்தார்கள்.

ஏழு பேர்தான் போய்ச் சேர்ந்தோம். ஏழு பேர் இருந்தால்தான் ஆட்டம் தொடங்கவே விடுவார்கள். என்னைத் தவிர எல்லோர் உடம்பிலும் உப்பு காய்ந்து வெள்ளையாகப் பூத்திருந்தது, இறால் வாடை வேறு. எதிரணிக்காரர்கள் எங்களைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அந்த ஆட்டத்தில் ஜெயித்தால்தான் எங்களுக்கு மேல் டிவிஷன்.

ஏழு பேர் பதினொரு பேரை எப்படி நிறுத்தினோம் என்று என்னைக் கேட்டால் தெரியாது. இரவெல்லாம் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வலை இழுத்த ஆட்கள். நான் மட்டும் தூங்கிவிட்டு வந்தவன், எனக்குத்தான் முதலில் மூச்சு வாங்கியது. அவர்கள் பேசவே இல்லை. ஒருவன் விட்ட இடத்தில் இன்னொருவன் நின்றான். வலையில் கிழிசல் எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே கை போகும் பாருங்கள், அப்படிப் போனார்கள். இடைவேளைக்குப் பிறகு இரண்டு பேர் நனைந்த லுங்கியோடு பைக்கில் வந்து இறங்கி, சட்டையை மாட்டிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். கடைசி நிமிஷத்தில் என் மச்சான் பாதி மைதானத்திலிருந்து ஒரு அடி அடித்தான். பந்து கோல் கம்பத்தின் மேல்கட்டையில் பட்டது. அந்தச் சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது. பந்து வெளியே போய்விட்டது.

கோல் இல்லாமல் ஆட்டம் முடிந்தது. மூக்கைப் பொத்தினவர்கள் வரிசையாக வந்து எங்கள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஒருவன் என் மச்சானைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. அன்றைக்கு என்னோடு நின்ற அந்த எட்டுப் பேரைப் பார்த்து மனசுக்குள் கும்பிட்டேன். அப்புறம் எல்லோரும் வண்டியேறி நேராக ஏரிக்கே போனோம்.

மூன்றாம் வருஷம்தான் எனக்கு வெறி பிடித்தது. அன்றைக்கும் ஜெயிக்கவேண்டிய ஆட்டம். மச்சானுக்குப் பாடு இல்லை. அவன் இடத்தில் பாடு வந்தவர் குப்பத்தில் டீக்கடை வைத்திருக்கிறவர். நல்ல மனிதர், டீயும் நன்றாகப் போடுவார். ஆனால் கோலுக்கு நேரே பந்து கிடைத்தால் அவருக்குத் திசை மறந்துவிடும். முதல் பாதியிலேயே காலியான கோலுக்கு எதிரே நின்று பந்தை வேலிக்கு அந்தப் பக்கம் அனுப்பினார். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மாடு மிரண்டு ஓடியது. கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்த என் மச்சான் எழுந்து நின்று, “பரவால்லண்ணா, அடுத்தது உள்ள!” என்று கை தட்டினான்.

இடைவேளையில் அவனைத் தனியாக இழுத்துப்போனேன்.

“டேய், இன்னாடா கை தட்டினுகீற? இன்னிக்கு விட்டா அடுத்த வருஷம்தான். ஒனக்கு வயசு ஏறலையா? போய் அவராண்ட பேச்சு குடு. கால் வலிக்குதான்னு சும்மா கேளு. அவரே புரிஞ்சிக்குவாரு.”

“கேக்கக் கூடாது மாமா.”

“பாடுன்னு கேக்க வாணாம்டா. கால் வலிக்குதான்னுதானே கேக்கச் சொல்றேன்?”

“அதுவும் கேக்கறதுதான்” என்றான். கோபமில்லாமல் சொன்னான். “அவரு ரெண்டு மாசமா இந்த ஆட்டத்துக்கோசரம் விடிகாலைல கடை தொறக்கறதுக்கு முன்னாடி ஓடினுகீறாரு. நான் போயி வாயத் தொறந்தா அவரு ஒடனே சட்டையக் கழட்டிக் குடுத்துருவாரு. அப்பால அந்தக் கடைல நான் எப்டி டீ குடிக்கறது?”

எனக்கு அவனை ஓங்கி ஒன்று வைக்கலாம் போல இருந்தது. தண்ணீர் குடித்துவிட்டு உள்ளே போனேன். டீக்கடைக்காரர் இரண்டாம் பாதியில் ஒரு கோல் போட்டார். அவர் வாழ்க்கையில் போட்ட முதல் கோல் அதுதான் என்று நினைக்கிறேன். மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி ஓடினார், நாங்கள் எல்லோரும் அவர் பின்னால் ஓடினோம், நானும்தான். பிறகு எதிரணி ஒன்று போட்டது. சமன். மறுபடியும் கீழ் டிவிஷன். மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் டீக்கடையில் மச்சான் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். அவர் அந்தக் கோலை அவனுக்கு மறுபடியும் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தார்.

நாலாவது வருஷம், போன சீசன். இந்த முறை கடைசி ஆட்டத்துக்கு மச்சானுக்குப் பாடு விழுந்தது. நல்ல கோல்கீப்பருக்கும் விழுந்தது. ஊரே துள்ளியது. சீட்டே நம்ம பக்கம்டா என்று கூத்தாடினார்கள். பின்னால் நிற்கிற வரிசையில் எனக்கும் பாடு விழுந்திருந்தது. அப்போது எனக்கும் சந்தோஷம்தான்.

ஆட்டத்துக்குச் சில வாரம் இருக்கும்போது கம்பெனியில் படி இறங்கையில் முட்டி பிசகிவிட்டது. கட்டுப் போட்டார்கள், வீக்கம் வடிந்தது, நடக்கலாம், ஓடலாம். ஆனால் திரும்பி ஓட முடியவில்லை. எதிரணியில் ஓரத்தில் ஓடுகிற ஒரு ஆள் இருந்தான், காற்று மாதிரிப் போவான். அவனைப் பிடிக்க எங்களிடமும் ஒருவன் இருந்தான், எங்கள் எதிர்வீட்டு வாலிபன். அவனுக்கு அந்த ஆட்டத்தில் பாடு இல்லை. நான் கொடுத்தால் உண்டு.

எனக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். ஆனால் ஆசை யாரை விட்டது! அடுத்த வருஷம் இந்த முட்டி இருக்குமா, ஷிப்ட் எப்படி மாறும், என் பெயர் மறுபடி கடைசி ஆட்டத்தில் விழுமா, யாருக்குத் தெரியும்? நாம் மேலே போகிற ஆட்டத்தில் நான் உள்ளே இருக்கவேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. சரி, யாராவது ஒரு வார்த்தை கேட்கட்டும், கேட்டால் கௌரவமாகக் கொடுத்துவிடுவோம் என்று முடிவு செய்தேன்.

யாரும் கேட்கவில்லை.

டீக்கடைக்குப் போனேன். சட்டம் தெரிந்த ஊர்தான், இருந்தாலும் கேலிக்குப் பெயர்போன ஊர். ஒரு கிண்டலாவது வரும் என்று வேண்டுமென்றே கொஞ்சம் நொண்டி நடந்தேன். எனக்கு பெஞ்சில் இடம் விட்டார்கள். எதிர்வீட்டு வாலிபனே வந்து என் முட்டிக்கு எண்ணெய் தேய்த்துவிட்டான். “நல்லா ஆயிடும்ணா, நீ எறங்குணா” என்றான். அவன் முகத்தை உற்று உற்றுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை, எண்ணெய்தான் தேய்த்தான். மச்சான் தினமும் வீட்டுக்கு வந்தான், அக்கா கையால் மீன்குழம்பு சாப்பிட்டான், ஆட்டத்தைப் பற்றிப் பேசினான், என் முட்டியைப் பார்த்தான், போய்விட்டான். இந்த ஆட்டம் போனால் அவனுக்கு அந்தப் புல் இனி கிடைக்குமோ கிடைக்காதோ. அப்படியும் அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

கடைசியில் என் மனைவியிடமே கேட்டேன். “நீ இன்னா நெனைக்கிற?”

அவள் காயும் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். “எதப்பத்தி?” என்றாள்.

“ஆட்டத்தப்பத்திதான்.”

“ஒம் பாடு. என்னாண்ட இன்னாத்துக்குக் கேக்குற?” என்று சொல்லிவிட்டு மீனைப் பார்க்கத் திரும்பிவிட்டாள். அவள் தம்பியின் கனவு அது. என்னிடம் சின்ன விஷயத்துக்கெல்லாம் சண்டை போடுகிறவள்.

ஆட்டத்தன்று ஐஸ் பெட்டி இறக்கின மீன் வண்டியில் எல்லோரும் ஏறினோம். பின்னால் இன்னொரு வண்டியில் பெண்கள், பிள்ளைகள். பொன்னேரி போகிற வரைக்கும் பாட்டும் கூச்சலும். இத்தனை பேருக்கும் ஒன்று தெரியும். அந்த ஓரத்தில் நான் நின்றால் ஓட்டை. அது தெரிந்தே என் முதுகைத் தட்டினார்கள். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன்தான் நான். இருந்தும் இது என்ன மாதிரி ஜனம் என்று அன்றைக்குத்தான் முதல்முறை பார்ப்பவன் மாதிரி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஜெயிக்கவேண்டும், அதுதான் கணக்கு. மச்சான் முதல் பாதியிலேயே கோல் போட்டான். மூன்று பேரைத் தாண்டி, கோல்கீப்பரையும் தாண்டி, பந்தை நடந்துபோய் வைத்துவிட்டு வந்தான். பெண்கள் வண்டியிலிருந்து குலவை கேட்டது. இரண்டாம் பாதி முழுக்க அந்த ஓரத்து ஆளை எப்படியோ மறித்து மறித்து வந்தேன். முட்டி உள்ளே கொதித்தது. கொஞ்ச நேரம்தான் இருக்கிறது என்று வெளியிலிருந்து குரல் கொடுத்தார்கள். அவன் ஒரு பக்கம் போகிற மாதிரி ஆடிவிட்டு மறுபக்கம் திரும்பினான். நானும் திரும்பினேன், முட்டி திரும்பவில்லை. தரையில் கிடந்தபடியே அவன் கோல் போடுவதைப் பார்த்தேன்.

ஒன்றுக்கு ஒன்று. முடிந்தது.

என்னைத் தூக்கிவிட்டது மச்சான்தான். அவன் அழுதிருந்தான், மூஞ்சியைத் தோளில் துடைத்துக்கொண்டான். எதிர்வீட்டு வாலிபன் இன்னொரு பக்கம் தோள் கொடுத்தான். பார்வையில், பேச்சில், எங்கேயாவது ஒரு சுளிப்பு இருக்கும் என்று தேடினேன். திட்டினாலும் நன்றாக இருந்திருக்கும். முட்டிக்கு ஐஸ் வைக்க வண்டியில் மிச்சமிருந்ததை எல்லாம் சுரண்டி எடுத்துத் துணியில் கட்டினார்கள்.

வண்டி பழவேற்காடு ரோட்டில் திரும்பினபோது என்னால் தாங்க முடியவில்லை. வெடித்துவிட்டேன்.

“ஏண்டா, இத்தினி பேர்ல ஒர்த்தனாச்சும் கேட்டிருக்கலாம் இல்ல? ஒரு வார்த்தை! நான் இன்னா மாட்டேன்னா சொல்லிருப்பேன்? கேட்டிருந்தா அங்கியே கழட்டிக் குடுத்திருப்பேனேடா!”

மச்சான் என் முட்டியின் மேலிருந்த ஐஸ் துணியைப் பிழிந்து திருப்பி வைத்தான்.

“தெரியும் மாமா. கேட்டா நீ குடுத்துருவே. அது எல்லாருக்கும் தெரியும். அதுக்கோசரம்தான் யாரும் கேக்கல” என்றான்.

வண்டி நிறைய ஆட்கள் இருந்தார்கள். அப்படி இல்லை என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.